ஃபோல்டர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து: பில்ட் ஏன் உடைகிறது?

என் விண்டோஸ் லேப்டாப்பில் பில்ட் (கோடை இயங்கும் நிரலாக மாற்றும் வேலை) ஒழுங்காக ஓடுகிறது. லினக்ஸ் சர்வரில் மட்டும் ஃபைல் இல்லை என்று நின்றுவிடுகிறது. ஃபோல்டர் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் இம்போர்ட் வரியில் (கோடில் வேறொரு ஃபைலைச் சேர்க்கும் வரி) நீங்கள் எழுதிய பெயரில் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர் வைத்தால் விண்டோஸ் அதை அப்படியே சேமிக்கும். தேடும்போது மட்டும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. மேக்கின் ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ்ஸும் இயல்பாக அப்படித்தான். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-க்கோ பெரிய எழுத்தில் உள்ளதும் சிறிய எழுத்தில் உள்ளதும் இரண்டு வேறு பெயர்கள். சர்வர் சரியாகத்தான் சொல்கிறது. பிழைச் செய்தியில் உள்ள பாதையை, கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டின் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளை காட்டும் பாதையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் தெரியும் பெயரை நம்ப வேண்டாம். சர்வருக்குப் போவது கிட்டில் பதிவான பெயர்தான்.

ஃபோல்டரைச் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனால் கிட் ஸ்டேட்டஸ் எந்த மாற்றமும் இல்லை என்கிறது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விண்டோஸிலும் மேக்கிலும் ரெப்போவை (கிட் கண்காணிக்கும் திட்டத்தின் தொகுப்பு) உருவாக்கும்போதே கிட், ‘கோர்.இக்னோர்கேஸ்’ என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். அதனால் உங்கள் மாற்றம் கிட்டின் கண்ணில் படவில்லை. அதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்: டிஸ்கில் ஒன்றாக இருக்கும் ஃபோல்டர் கிட்டில் இரண்டு பெயர்களில் பதிவாகிவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு.

பெயர் மாற்றும் ‘கிட் எம்வி’ கட்டளை கொண்டு இரண்டு படியாக மாற்றுங்கள். முதலில் சம்பந்தமே இல்லாத ஒரு தற்காலிகப் பெயர், அப்புறம் அதிலிருந்து சரியான பெயர். இரண்டையும் ஒரே கம்மிட்டில் (கிட்டில் ஒரு பதிவு) போடலாம். நேரடியாக மாற்றப் பார்த்தால் பெரும்பாலும் பிழைதான் வரும். குழுவில் மற்றவர்களுக்கு புல் செய்த (புதிய மாற்றங்களை இறக்கிக்கொண்ட) பிறகும் டிஸ்கில் பழைய பெயரே தங்கிவிடலாம். சேமிக்காத வேலை ஏதும் இல்லையென்றால் புதிதாக க்ளோன் செய்வதே (ரெப்போவை முழுதாக நகலெடுப்பதே) சுலபம்.

க்ளோன் செய்யும்போது பாதைகள் மோதுவதாக எச்சரிக்கை வருகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. எழுத்தளவு (பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பது) மட்டுமே மாறுபடும் இரண்டு பாதைகள் ரெப்போவில் இருக்கின்றன. உங்கள் டிஸ்கில் அவற்றுள் ஒரு ஃபைல்தான் மிஞ்சியிருக்கிறது. 2018-இல் வந்த கிட் 2.20 முதல் இந்த எச்சரிக்கை உண்டு. லினக்ஸ் கணினியில் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றாக்குங்கள்.

விண்டோஸையே எழுத்தளவு பார்க்கச் சொல்ல முடியாதா?

விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராகச் செய்ய முடியும். ஆனால் அந்த அமைப்பு உங்கள் கணினியோடு நின்றுவிடும், கிட் வழியாக அடுத்தவருக்குப் போகாது. நான் பரிந்துரைப்பதில்லை.

இனி வராமல் தடுக்க?

ஃபோல்டர் பெயர் எல்லாம் சிறிய எழுத்தில் என்று குழுவாக முடிவெடுங்கள். டைப்ஸ்கிரிப்டில், இம்போர்ட்டில் எழுத்தளவு பிசகினால் பிழை காட்டும் ‘ஃபோர்ஸ்கன்சிஸ்டென்ட்கேசிங்இன்ஃபைல்நேம்ஸ்’ அமைப்பு 5.0 பதிப்பு முதல் தானாகவே இயங்குகிறது. பழைய திட்டத்தில் யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சி++ என்றால் க்ளாங் கம்பைலரின் ‘நான்போர்ட்டபிள்-இன்க்ளூட்-பாத்’ எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றிவிடலாம். எந்த மொழியானாலும், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) லினக்ஸில் ஒரு பில்ட் ஓடட்டும். அது தேறாமல் மெர்ஜ் (மாற்றத்தைச் சேர்ப்பது) வேண்டாம்.