பாட்டி சொன்ன கதைகளைக் குழந்தைகளுக்கான படப்புத்தகமாக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எழுத உட்காராதீர்கள். பாட்டியைச் சொல்லவிட்டுப் பதிவு செய்யுங்கள், செல்பேசி போதும். ஆனால் அவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்டால் கதைச் சுருக்கம்தான் கிடைக்கும். எதிரே ‘உம்’ கொட்ட இரண்டு பிள்ளைகளாவது வேண்டும். குரல் மாறும் இடம், நிறுத்தும் இடம், பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்லும் இடம் எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். பிற்பாடு பக்கம் பிரிக்க அவைதான் வழிகாட்டும்.

ஓவிய நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து, ஈ தன் பெயரை மறந்த கதையைப் புத்தகமாக்கினோம். வீடு மெழுகும்போது பெயரை மறந்துபோன ஈ, “கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகுமே, அந்தக் கதை. படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும், “சொன்னதையே சொல்கிறதே, சுருக்கலாமே” என்றார்கள். சுருக்கினால் அங்கே கதையே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பிக்கத் தொடங்குவது அந்த அடுக்கினால்தான். நாங்கள் வெட்டியது வர்ணனையை. கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதை ஓவியர் வரைந்த பிறகு அதைச் சொல்ல ஒரு வாக்கியம் எதற்கு? கடைசியில் குதிரை கனைத்து ஈக்குப் பெயரை நினைவூட்டும் இடத்தில் இரண்டு பக்கம் நிறையப் பல்லும் ஈறும்தான். எழுத்து என்று பார்த்தால் ‘ஈ’ ஒன்றே. மீதியைப் பிள்ளைகள் கனைத்துக்கொள்கிறார்கள்.

ஓவியரை ஒருமுறையாவது கதையின் ஊருக்கு அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால் கரிசல்காட்டுக் கதைக்குத் தென்னந்தோப்பு முளைக்கும். மாடு மேய்ப்பவர் கையில் நுனி வளைந்த ஐரோப்பியக் கோல் வந்து உட்காரும். பனையும் உடைமரமும் பருத்திச் செடியும் நேரில் பார்த்து வரைய வேண்டியவை. சென்னையின் தாரா பதிப்பகம் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய் போன்ற கோண்டு பழங்குடி ஓவியர்களைக் கொண்டே அவர்களுடைய கதைகளை வரையவைத்ததைத் தேடிப் பாருங்கள். மரத்துக்குள் மானும் பாம்பும் அங்கே எவ்வளவு இயல்பாக வருகின்றன!

நெருடலான இடங்களும் வரும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்து, வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்றதில் பெயரைத் தொலைத்த கதை தெரியும்தானே? அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று மனைவியை அடிக்கிறான். கன்னம் கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே என்று யாரோ சொல்ல, பெயர் திரும்ப வந்துவிடுகிறது. அந்த அடியைச் சிரிப்புப் படமாக அச்சிட எனக்கு மனம் வராது. நானாக இருந்தால் கோபத்தில் திரும்புகிறவன் நிலைப்படியில் மோதி, அவன் நெற்றியையே வீங்கவைப்பேன். கதையின் முடிச்சு அப்படியே இருக்கும். மாற்றியதைப் பின்னுரையில் பெரியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்படி மாற்றுவது புதிதல்ல. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். அதற்காகப் பேய், திருட்டு, பீ மூத்திரம் எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் காத்திருப்பதே அதற்குத்தான். கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று ஒரு கட்டம் போடச் சொல்வார்கள். பாட்டி சொல்லியிருந்தால் போடுங்கள்.

உரிமை விஷயத்தில் கவனம் தேவை. வாய்மொழிக் கதை பொதுச்சொத்து. ஆனால் ஒருவர் எழுதிய வடிவம் அவருடையது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் மறைந்தது 2021இல். அவர் தொகுத்த கதையை அவர் நடையிலேயே எடுப்பதானால் அனுமதி வாங்கியாக வேண்டும். அதே கதையை உங்கள் பாட்டி சொல்லக் கேட்டு எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. பாட்டியின் பெயரையும் ஊரையும், அவர் சம்மதித்தால், தலைப்புப் பக்கத்தில் ஓவியர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அச்சகத்துக்குப் போகும் முன் வெள்ளைத்தாளை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்துகொள்ளுங்கள். நடு மடிப்பில் கம்பிப் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் 4இன் மடங்காகத்தான் வரும். 24 பக்கம் முதல் புத்தகத்துக்குத் தாராளம்.