டிவிடி பிளேயரில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. ஆடியோ செட்டிங்கில் எதை மாற்ற வேண்டும்?

பிளேயரைச் சிவப்பு, வெள்ளை ஒயரில் டிவியோடு இணைத்திருப்பதாகவும், மெனுவில் டவுன்மிக்ஸ், பிட்ஸ்ட்ரீம், பிசிஎம் என்று இருப்பதில் எதைத் தொடுவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் பிளேயரில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

5.1 ஒலி உள்ள டிஸ்க்கில் ஆறு சேனல் இருக்கும். முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பின்னால் இரண்டு, அப்புறம் சப்வூஃபருக்கு ஒன்று. வசனத்தில் பெரும்பகுதி சென்டருக்குத்தான் போகும். பிளேயரில் ‘5.1’ என்று வைத்திருந்தால், உங்கள் வீட்டில் சென்டர் ஸ்பீக்கர் இருக்கிறது என்று அது நம்பி, வசனத்தைப் பின்னால் இருக்கும் சென்டர் துளைக்கு அனுப்பிவிடும். அந்தத் துளையில் ஒயரே இல்லை. சிவப்பு, வெள்ளையில் வருவது முன் இடதும் வலதும் மட்டும்தான். அதனால் பாட்டு ஜோராக வரும், ஆள் பேசினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

ஸ்பீக்கர் செட்டப்புக்குள் போய் ‘டவுன்மிக்ஸ்’ (ஆறு சேனலை இரண்டாகக் கலப்பது) என்பதை ‘ஸ்டீரியோ’ ஆக்குங்கள். சென்டரில் இருக்கும் வசனம் இரு பக்கத்துக்கும், ஒவ்வொன்றிலும் 3 டெசிபல் குறைத்து, பகிர்ந்து கலந்துவிடும். சப்வூஃபருக்கான சேனல் இந்தக் கலவையில் பொதுவாகச் சேராது. டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த வரி மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டு, அல்லது டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அதே இடத்தில் ‘எல்டி/ஆர்டி’ என்று இன்னொன்றும் இருக்கும். அது புரோலாஜிக் (இரண்டு சேனலிலிருந்து சுற்றொலியைப் பிரித்தெடுக்கும் டால்பி வசதி) உள்ள ஆம்ப்ளிஃபையருக்கானது. பின் ஸ்பீக்கர் ஒலியை இரண்டு சேனலுக்குள்ளேயே ஒளித்து அனுப்பும், ஆம்ப்ளிஃபையர் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். நேராக டிவிக்குப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

நம் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பது கம்பெனி செட் இல்லை, உள்ளூரில் அசெம்பிள் செய்தது. குடியாத்தத்தில் என் மச்சான் வீட்டிலும் அப்படித்தான், ஆறு ஆர்சிஏ பின் (உங்கள் சிவப்பு, வெள்ளை ஒயரில் இருப்பது போன்றது) நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. அந்த மாதிரி இணைப்புக்கு மட்டும்தான் ‘5.1’ சரி. சின்னப் பெட்டி ஸ்பீக்கருக்கு ‘ஸ்மால்’ என்று கொடுத்தால் கனமான பாஸ் சப்வூஃபருக்குத் திருப்பிவிடப்படும். சோபாவுக்கு மேலேயே பின் ஸ்பீக்கரை மாட்டியிருந்தால் டிலே அல்லது டிஸ்டன்ஸ் வரியையும் பாருங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். முன் ஸ்பீக்கரைவிடப் பின் ஸ்பீக்கர் உங்களுக்கு ஒன்றரை மீட்டர் கிட்டத்தில் இருந்தால் நாலரை மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால் போதும்.

இனி பிட்ஸ்ட்ரீமும் பிசிஎம்மும். டிஸ்க்கில் டால்பி, டிடிஎஸ் என்ற முறைகளில் சுருக்கி வைத்த ஒலியை அப்படியே அனுப்புவது பிட்ஸ்ட்ரீம், பிளேயரே விரித்து அனுப்புவது பிசிஎம். ஆப்டிகல், கோஆக்சியல், எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் ஒயர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. உங்கள் சிவப்பு, வெள்ளை ஒயரை இது தொடாது. “பிட்ஸ்ட்ரீம் வைங்க சார், அதுதான் குவாலிட்டி” என்று கடையில் சொல்வார்கள். தரத்துக்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தமில்லை என்பேன். ஒயரின் மறுமுனையில் இருக்கும் பெட்டிக்கு டால்பியும் டிடிஎஸ்ஸும் பிரிக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் பிட்ஸ்ட்ரீம் (சில பிளேயரில் ‘ரா’ என்று இருக்கும்). தெரியாவிட்டால் பிசிஎம், பிளேயரே பிரித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் ஆப்டிகல், கோஆக்சியலில் பிசிஎம் வைத்தால் இரண்டு சேனல்தான் கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று கணக்குப் போட்டால் இரண்டு சேனலுக்கே நொடிக்கு 1,536 கிலோபிட் ஆகிறது, ஆறு சேனலுக்கு அந்த வழியில் இடமில்லை. டிவிடியில் டால்பி 5.1 அதிகபட்சமே 448 கிலோபிட் என்பதால் சுருக்கியபடியே போனால் ஆறும் சுலபமாகப் போய்விடும். புளூரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் முழுசாக வேண்டுமென்றால் டிஜிட்டல் ஒயர்களில் எச்டிஎம்ஐ ஒன்றே வழி. புளூரே பிளேயரில் ‘செகண்டரி ஆடியோ’ (படத்தோடு சேர்த்து வரும் கூடுதல் ஒலி) என்று இருப்பதையும் ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல பிளேயர்கள் எல்லாவற்றையும் கலந்து சாதாரண டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றி அனுப்பும்.

வேலூரில் இருப்பவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது டிஆர்சி (ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வசதி), சில பிளேயரில் அதன் பெயர் ‘நைட் மோட்’. மே மாத வெயிலில் ஃபேனை முழு வேகத்தில் வைக்காமல் ஹாலில் உட்கார முடியாது. அந்தச் சத்தத்தில் மெல்லிய பேச்சு அடிபட்டுப் போகும். சரி என்று வால்யூமை ஏற்றினால் அடுத்த சண்டையில் பக்கத்து வீடே எழுந்துவிடும். டிஆர்சி பெரிய ஓசையை அமுக்கி, சின்ன ஓசையைத் தூக்கும். எங்கள் நைனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், வீட்டில் அது எப்போதும் ஆனில்தான். ஒலிப் பிரியர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பிட்ஸ்ட்ரீமில் அனுப்பும்போது பிளேயரின் டிஆர்சி வேலை செய்யாது, ஆம்ப்ளிஃபையரில் இருப்பதைத்தான் போட வேண்டும்.

ஏதாவது ஒரு டிஸ்க்கில் மட்டும் சத்தமே வராவிட்டால் அது டிடிஎஸ் ட்ராக்காக இருக்கலாம். டிடிஎஸ் பிரிக்கத் தெரியாத பழைய பிளேயர் சிவப்பு, வெள்ளை ஒயரில் வெறும் மௌனத்தைத்தான் அனுப்பும். ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தி டால்பிக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் ஒயர் வழியே டிடிஎஸ் தெரியாத பெட்டிக்குப் போனால் சில சமயம் மௌனத்துக்குப் பதில் ‘உஸ்ஸ்’ என்று பெரும் இரைச்சல் வரும். அதனால் செட்டிங்கை மாற்றிப் பார்க்கும்போதெல்லாம் வால்யூமை முதலில் குறைத்துவிடுங்கள், ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டால் அதற்குத் தனிச் செலவு.