வரிசையில நிக்கிற பாக்கெட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க ஆபீஸ் ஸ்விட்ச்ல இருந்து வெளிய போற அப்லிங்க் 1 ஜிபிபிஎஸ். மானிட்டரிங் கிராஃப் 30 சதவீதத்தை தாண்டினதே இல்ல, ஆனா ஐபி போன்ல பேசினா குரல் விட்டு விட்டு வருது. 10 ஜிபிபிஎஸ்க்கு மாத்திடலாமா?

பதில்: அவசரப்பட்டு காசை அங்க போடாதீங்க. அந்த கிராஃப் பெரும்பாலும் 5 நிமிஷத்துக்கு ஒருதரம் கவுன்ட்டரை படிச்சு சராசரி போடும், அதாவது 300 செகண்டுக்கு ஒரு புள்ளி, உங்க பிரச்சனை நடக்குறதோ மில்லி செகண்ட் கணக்குல. ரெண்டு சர்வர், ரெண்டும் 1 ஜிபிபிஎஸ் போர்ட், ஒரே நேரத்துல அந்த ஒரு அப்லிங்க் வழியா ஃபைல் தள்ளுதுன்னு வைங்க. உள்ள வர்றது 2, வெளிய போறது 1, மிச்சம் எங்க போகும்? பஃபர்ல, அதாவது ஸ்விட்ச்ல டேட்டா காத்திருக்கிற இடத்துல, குவியும், மில்லி செகண்டுக்கு 125 கேபி வீதம். அந்த போர்ட்டுக்கு 1 எம்பி பஃபர்னா 8 மில்லி செகண்ட்ல ரொம்பிடும், அப்புறம் வர்றதுக்கு இடம் இருந்தா உண்டு, இல்லன்னா ட்ராப், அதாவது தூக்கி எறிஞ்சிடும், அதுல உங்க போன் பாக்கெட்டும் (குரலை சுமக்கிற டேட்டா துண்டு) சேர்த்தி. இவ்வளவும் நடந்து முடிஞ்சாலும் 300 செகண்ட் சராசரில சுத்தமா கரைஞ்சு போயிடும்.

போன் பாக்கெட் என்ன பெருசா கேக்குது சொல்லுங்க? குரலை டிஜிட்டலா மாத்துற ஜி.711 கோடெக்ல வழக்கமா 20 மில்லி செகண்டுக்கு ஒண்ணு, ஐபி ஹெட்டரோட சேர்த்து 200 பைட். 1 ஜிபிபிஎஸ் லைன்ல அது வெளிய போக 2 மைக்ரோ செகண்ட் போதும். ஆனா முன்னாடி 1 எம்பி வரிசை நின்னா 8 மில்லி செகண்ட் காத்திருக்கணும், அதே 1 எம்பி 100 எம்பிபிஎஸ் போர்ட்டுல நின்னா 80, 20 எம்பிபிஎஸ் வெளி லிங்க்குல நின்னா 400 மில்லி செகண்ட். ஒரு பக்க தாமதம் 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா பேச்சு நல்லா இருக்கும்னு ஐடியூ-டிங்கிற உலக தொலைத்தொடர்பு தர அமைப்போட ஜி.114 பரிந்துரை சொல்லுது, அதை வெச்சு பாத்தா கடைசி கேஸ்ல ஒரே ஒரு வரிசையே எல்லாத்தையும் கெடுத்துடுது.

அதனால முதல்ல வெளிய போற போர்ட்டுல கியூ (வரிசை) வாரியா ட்ராப் கவுன்ட்டரை பாருங்க, மொத்த போர்ட் கவுன்ட்டர் பத்தாது. எந்த கியூல எண்ணிக்கை ஏறுதோ அங்க தான் வேலை. லிங்க்கை மட்டும் பெருசாக்கினா வரிசை அடுத்த குறுகலான இடத்துல போய் நிக்கும், அவ்வளவு தான்.

கேள்வி: வாய்ஸை ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டில போட்டேன், நல்லா இருந்துச்சு. அப்புறம் வீடியோ மீட்டிங், டேட்டாபேஸ், பேக்கப் எல்லாத்தையும் அதுலயே போட்டேன், இப்போ மத்த ட்ராஃபிக் நகரவே மாட்டேங்குது. ஏன்?

பதில்: எல்லாரும் முதல் வரிசைன்னா அப்புறம் முதல் வரிசைன்னு ஒண்ணு இல்லவே இல்ல. ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டிங்கிறது மேல இருக்க கியூ காலியாகற வரைக்கும் கீழ இருக்கறதை எட்டிக்கூட பாக்காது. பேக்கப் மாதிரி முடிவே இல்லாம வர்றதை அதுல விட்டா கீழ பட்டினி தான். அதுல வாய்ஸ் மட்டும் இருக்கட்டும், அதுக்கும் ஒரு போலீசர் வெச்சு அளவு கட்டுங்க.

மீதியை டெஃபிசிட் ரவுண்ட் ராபின்ல விடுங்க, 1995ல ஸ்ரீதரும் வர்கீஸும் வெளியிட்ட முறை, இன்னிக்கும் ஸ்விட்ச் சிப்ல இதோட வெயிட்டட் வகை தான் நிறைய ஓடுது. எனக்கு ரொம்ப பிடிச்ச முறை, ஏன்னா கணக்கு அவ்வளவு எளிமை. சாதா ரவுண்ட் ராபின் கியூக்கு ஒரு பாக்கெட்னு எடுக்கும், அப்போ 1500 பைட்காரனுக்கு லாபம், 64 பைட்காரனுக்கு நஷ்டம். இதுல ஒவ்வொரு கியூக்கும் ஒரு கணக்கு நோட்டு. ஒரு சுத்துக்கு 500 பைட் வரவுன்னு வைங்க. முன்னாடி நிக்கிற பாக்கெட் 1500 பைட், முதல் சுத்துல பத்தாது, நோட்டுல 500 மிச்சம், அடுத்த சுத்துல 1000, மூணாவதுல 1500, இப்போ போகலாம். பக்கத்து கியூல 100 பைட் பாக்கெட்டா நின்னா சுத்துக்கு அஞ்சு போகும். மூணு சுத்து முடிஞ்சா ரெண்டு பேருக்கும் 1500 பைட், சரியா போச்சு. கியூ காலியானா நோட்டு பூஜ்யம், சேத்து வெச்சு அப்புறமா கேக்க முடியாது. வெயிட் ஜாஸ்தி வேணும்னா அந்த கியூக்கு சுத்து வரவை ஏத்துங்க. சின்ன குறிப்பு, நிஜத்துல அந்த வரவை 1500க்கு குறையாம வைக்கிறது தான் நல்லது, இல்லன்னா ஒண்ணும் அனுப்பாமலே சுத்து வீணாகும்.

இன்னொண்ணு, நானே ரெண்டு ராத்திரி முழிச்சு கத்துக்கிட்டது. போன் பாக்கெட்டுல டிஎஸ்சிபி 46ங்கிற முன்னுரிமை குறியை போட்டு ஒழுங்கா அனுப்புது, எந்த கியூ முதல்ல போகணும்னு முடிவு பண்ற ஷெட்யூலரோட கான்ஃபிக் சரி, ஆனா பிரையாரிட்டி கியூ கவுன்ட்டர் மட்டும் பூஜ்யத்துலயே நிக்குது. கடைசியில பாத்தா போன் மாட்டியிருக்க ஆக்ஸஸ் போர்ட்டுல ட்ரஸ்ட், அதாவது வர்ற குறியை நம்புற செட்டிங், போடல, ஸ்விட்ச் உள்ள வந்த உடனே 46ஐ 0 ஆக்கிடுச்சு. போன் போர்ட்ல இருந்து வெளி லிங்க் வரைக்கும் ஒவ்வொரு ஹாப்லயும் (வழியில இருக்க சாதனம்) மார்க்கிங் தங்குதான்னு பாக்கெட் கேப்சர் எடுத்து பாருங்க.

கேள்வி: ட்ராப் வந்தா பஃபரை பெருசாக்குன்னு ஒரு சீனியர் சொல்றார். சரியா?

பதில்: பாதி சரி. திடீர்னு கொத்தா வர்ற சின்ன பர்ஸ்ட்டை தாங்க பஃபர் வேணும். ஆனா டேட்டாவை கொண்டு சேக்கற டிசிபி புரோட்டோகாலோட நிறைய வகைகள் பாக்கெட் தொலைஞ்சா தான் வேகத்தை குறைக்கும், பஃபர் பெருசுன்னா தொலையவே நேரமாகும், அதுவரைக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும், வரிசை காலியாகவே ஆகாது. ஜிம் கெட்டிஸ் 2010 வாக்குல இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேரு வெச்சார். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்ங்கிற வரிசை மேலாண்மை முறையை கொண்டு வந்தாங்க, அது வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காது, பாக்கெட் எவ்வளவு நேரம் உள்ள நின்னுச்சுன்னு பாக்கும். 100 மில்லி செகண்ட் முழுக்க அந்த நேரம் 5 மில்லி செகண்டுக்கு கீழ இறங்கவே இல்லன்னா ட்ராப் பண்ண ஆரம்பிக்கும். உங்க ஸ்விட்ச்ல கோடெல் இல்லன்னா இசிஎன் இருக்கான்னு பாருங்க, ட்ராப் பண்றதுக்கு பதிலா பாக்கெட்டுல குறி போட்டு அனுப்புறவனை எச்சரிக்கும், ஆனா ரெண்டு முனையிலயும் அது ஆன்ல இருக்கணும்.

கேள்வி: காலேஜ் ஸ்டூடன்ட் நான். உள்ள வர்ற போர்ட்டுலயே பாக்கெட்டை வரிசை கட்டுற இன்புட் கியூ ஸ்விட்ச்ல முழு வேகத்துல 58.6 சதவீதம் தான் கிடைக்கும்னு படிச்சேன், மீதி எங்க போச்சு?

பதில்: ஹெட் ஆஃப் லைன் ப்ளாக்கிங்ல போச்சு. முன்னாடி நிக்கிற பாக்கெட்டோட வாசல் (அவுட்புட் போர்ட்) பிஸி, பின்னாடி நிக்கிறவனோட வாசல் காலி, ஆனா அவன் தாண்டி போக முடியாது. 1987ல கரோல் குழுவினர் போட்ட கணக்கு அது, போர்ட் நிறைய இருந்து ட்ராஃபிக் எல்லா பக்கமும் சமமா பிரிஞ்சா வர்ற எல்லை. ஒவ்வொரு இன்புட்லயும் அவுட்புட்டுக்கு ஒண்ணா தனி வரிசை வெச்சா இந்த அடைப்பு போயிடும். அடுத்து எந்த இன்புட்டை எந்த அவுட்புட்டோட ஜோடி சேக்கறதுன்னு மேட்சிங் பிரச்சனை வரும், அதுக்கான ஐஸ்லிப் அல்காரிதத்தை ஒரு 4 போர்ட் ஸ்விட்சுக்கு பேப்பர்ல போட்டு பாருங்க, மூணு சுத்து கையால ஓட்டினாலே பிடிபட்டுடும்.