வியட்நாம் போரில் நெடுந்தொலைவு உளவு ரோந்து சென்ற வீரர்களுக்கு எந்நேரமும் சண்டைதானா?

எதிரியின் பகுதிக்குள் இறங்கிச் சுட்டுத் தள்ளிவிட்டுத் திரும்புவதுதான் இந்த அமெரிக்க ரோந்துக் குழுக்களின் அன்றாட வேலையா என்பது கேள்வி. உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு தோட்டாவும் செலவழிக்காமல், தான் வந்துபோனதே எதிரிக்குத் தெரியாமல் திரும்பிய குழுதான் வேலையைச் சரியாக முடித்த குழு. துப்பாக்கி பேசத் தொடங்கிவிட்டால் வேவு பார்ப்பது அத்தோடு முடிந்தது. அதன்பிறகு உயிரோடு வெளியேறுவது ஒன்றே வேலை.

நான் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். போர்க்காலத்தில் இத்தகைய ரோந்துக்குச் சென்றதில்லை. பயிற்சியின்போது வயர்லெஸ் செட்டைச் சுமந்துகொண்டு மூன்று இரவுகள் காட்டில் கிடந்திருக்கிறேன், அவ்வளவே. ஆனாலும் வியட்நாமில் இப்பணியைச் செய்தவர்களின் நினைவுகளைப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதலில் செட்காரனைத்தான் தேடும்.

1966இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைத்தளபதி வெஸ்ட்மோர்லேண்டின் ஆணைப்படி நா திராங் என்னும் கடற்கரை நகரில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மூன்று வாரப் பயிற்சியின் இறுதித் தேர்வு, எதிரி நடமாடும் காட்டுக்குள் மெய்யாகவே ரோந்து போய் வருவது. குழுவில் பெரும்பாலும் ஆறு பேர் இருப்பார்கள். அந்திவேளையில் அவர்களை இறக்கிவிடும் ஹெலிகாப்டர், எங்கே இறக்கியது என்று எதிரி ஊகித்துவிடாதபடி வேறு சில வெட்டவெளிகளிலும் தாழ்ந்து இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போகும். இறங்கியவர்கள் அருகிலுள்ள புதருக்குள் புகுந்து, இயந்திர ஓசை ஓய்ந்து பூச்சிகள் மறுபடி கத்தத் தொடங்கும்வரை அசையாமல் கிடப்பார்கள். சோப்பு, சிகரெட் வாசனைகூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றையும் தவிர்த்தார்கள்.

செட்காரனின் முதுகில் பிஆர்சி 25 என்னும் செட். மின்கலத்தோடு சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல். இத்தனை எடை சுமந்தும் இடையில் ஒரு மலை குறுக்கிட்டால் பேச்சு முகாமை எட்டாது என்பதால், உயரமான மலையுச்சியில் ரிலே நிலையம் ஒன்று இருந்து, கேட்டதை வாங்கி முகாமுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1968 ஏப்ரலில் ஆ ஷாவ் பள்ளத்தாக்கில் நடவடிக்கை தொடங்கியபோது, ஹெலிகாப்டர்களில் இயங்கிய முதலாம் குதிரைப்படை டிவிஷனின் ரோந்து வீரர்கள் அவ்வாறு ஒரு நிலையம் அமைப்பதற்காகவே டோங் ரே லாவ் என்ற உயர்ந்த மலைமீது இறங்கி, தோழர்களைப் பலிகொடுத்து அந்த உச்சியைத் தக்கவைத்தார்கள். அமெரிக்கர்கள் அதைச் 'சிக்னல் குன்று' என்றே அழைத்தார்கள்.

இரவில் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் தொடும் தொலைவில் வட்டமாகப் படுத்து, சுற்றிலும் கிளேமோர் கண்ணிவெடிகளை வைத்து, அவற்றின் விசைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். எதிரி பத்தடி தொலைவில் வரிசையாக நடந்து போனாலும் வெடிக்கவைக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பதுதான் அவர்களின் கடமை. அந்த நேரத்தில் மலையுச்சியிலிருந்து நலம் கேட்டால் வாய் திறந்து பதில் சொல்ல முடியுமா? "எல்லாம் நலமென்றால் இரண்டு முறை அழுத்து" என்று அங்கிருப்பவர் கேட்பார். செட்காரன் பேசாமல் கைப்பிடியின் பொத்தானை மட்டும் அழுத்துவான். மறுமுனையில் இரைச்சல் இரண்டு முறை அறுபடும். விடியும்வரை உரையாடல் அவ்வளவுதான். பயிற்சியில் நான் அரைத்தூக்கத்தில் மூன்று முறை அழுத்திவிட்டுக் காலையில் ஹவில்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இன்றும் நினைத்தால் காது சுடுகிறது. எனக்கு அது திட்டோடு போயிற்று.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈரம் நீக்கிய பொட்டல உணவு எடை குறைந்ததுதான், ஆனால் தண்ணீர் ஊற்றினால்தான் உண்ண முடியும். ஆகவே வறண்ட பருவத்தில் உணவில் குறைந்த சுமை தண்ணீராகத் தோளில் ஏறியது.

சண்டையே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து வரும் எதிரியிடம் சிக்கிய குழுக்கள் பல உண்டு. ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத அடர்காட்டில், மேலிருந்து தொங்கவிட்ட கயிற்று வளையங்களில் உட்கார்ந்து, மரக்கிளைகளில் மோதியபடி ஒரு தடவைக்கு மூன்று பேராக மேலே போக வேண்டும். ஆறு பேருக்கு இரண்டு தடவை. அப்போது செட்காரன் முதல் மூவரில் ஒருவனாகப் போய்விட்டால், கீழே எஞ்சியவர்கள் எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று விமானிக்குச் சொல்ல ஆளில்லை.