ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டே அயர்ன்மேன் தூர டிரையத்லானுக்குத் தயாராக முடியுமா?

கேள்வியோடு மூன்று கவலைகளையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நீச்சல் குளம் இல்லை, சைக்கிள் ஏற மலை இல்லை, பந்தயம் முடிந்தால் உடம்பு தேற எத்தனை நாள் ஆகும் என்று. நான் தங்கச்சிமடத்துக்காரன், மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கோவாவில் அரைத் தூரம் (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) இரண்டு தடவை முடித்திருக்கிறேன். மலேசியாவின் லங்காவியில் முழுத் தூரம், அதாவது அயர்ன்மேன் தூரம், ஒரு தடவை: 3.8 கி.மீ. நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், மூன்றும் ஒரே நாளில் அடுத்தடுத்து. எனக்கு ஆனது 14 மணி 26 நிமிடம். அங்கே அனுமதித்த நேரம் 17 மணி. வயதுப் பிரிவில் நடுவாந்தரம். போட்டி வெறி உண்டு, மேடை ஏறும் வேகம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதல் இரண்டு கவலையும் பெரிதில்லை. மூன்றாவதில்தான் நான் அடிபட்டேன்.

நீச்சல் குளம் இல்லை என்று இந்த ஊரில் உட்கார்ந்து அழுவது நியாயமே இல்லை. நமக்கு இரண்டு கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடா பக்கம் இருக்கும் தென்கடல் கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது உச்சிப்புளி பக்கத்து அரியமான் போனால் பாக் நீரிணை தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் கதை தலைகீழ்: வடகடல் கொந்தளிக்கும், பாம்பன் தென்கரை அமைதியாகிவிடும். எந்த மாதம் எந்தக் கடல் என்பதை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லவில்லை. சித்தப்பா சொன்னார். அவர் விசைப்படகுத் தொழிலாளி. விடியற்காலை வாசலில் நின்று காற்றை ஒரு தடவை முகத்தில் வாங்கிவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். மறுபேச்சு கிடையாது.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் காலை வாரிவிடும். படம் எடுக்க நல்ல இடம், நீந்த இல்லை. 12 வயதில் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்தது 1994இல். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேர் மறுநாளே இலங்கைக்குக் கிளம்பத் தயாராக இருந்தோம். கூடப் படகு போனது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு அந்தப் பாடம் தனியாகக் கிடைத்தது. ஒரு காலை, ஆரஞ்சு மிதவைகூட இல்லாமல் கரையை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தேன். வலது கை ஏதோ நூலில் பட்டது. உதறினேன், விரல்கள் மாட்டின. இடது கையால் எடுக்கப் போனேன், அதுவும் மாட்டியது. யாரோ போட்டிருந்த செவுள் வலை. நைலான் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. காலை அடிக்க அடிக்க வலை இன்னும் சுற்றும் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வர, காலை நிறுத்தி மல்லாந்து மிதந்தேன். ஒவ்வொரு விரலாக உருவி எடுக்க எவ்வளவு நேரம் ஆனதோ. கரைக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டு முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிவந்திருந்தது. அன்றிலிருந்து தனியாக இறங்குவதில்லை, மிதவை இல்லாமலும் இல்லை. இன்னும் சில: ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள், மணலில் திருக்கை படுத்திருக்கும். சொறி (ஜெல்லி மீன்) மிதந்து வரும் நாளில் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஆழத்துக்குப் போவதாக இருந்தால் கரையில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வந்தவர்கள் ஒருமுறை என்னை நிறுத்தி, "எங்கே போறீங்க?" என்று கேட்டார்கள். "சும்மா நீந்துறேன் சார்" என்ற பதில் அவர்களுக்குப் போதவில்லை.

வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால், அதைப் போட்டுக்கொண்டு நீந்துகிறவர் வயதுப் பிரிவுப் பரிசுக் கணக்கில் வர முடியாது. நம் கடல் வருடம் முழுக்க அதற்கு மேல்தான், நான் போன இரண்டு ஊரிலும் அப்படித்தான்.

சைக்கிள். இந்த மாவட்டத்தில் ஏற்றம் என்று சொல்ல பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான், அதுவும் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிற சுற்றுலாக்காரர்கள் வேறு. ஆனால் ஆடியில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பக்கம் மிதித்துப் பாருங்கள். காற்று முதுகில், மீட்டர் 38 காட்டும், நாம்தான் பெரிய ஆள் என்று தோன்றும். திரும்பும்போது அதே மூச்சு, அதே கால், 22. இரண்டு மணி நேரம் குனிந்தபடியே மிதிக்க வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி போய்த் திரும்பினால் கொஞ்சம் முன்பின் 180 வந்துவிடும். சனிக்கிழமைதான் போவேன், ஞாயிறு கோவில் இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், லங்காவி மேடுகளில் காற்றுப் பழக்கம் பாதிதான் உதவியது. தொடை அங்கேயே செத்துவிட்டது. மலை உள்ள பந்தயம் என்றால் கடைசி இரண்டு மாதத்தில் ஓரிரண்டு வாரக் கடைசியாவது கொடைக்கானல் பக்கம் போய்விடுங்கள்.

இந்தச் சாலைகளில் உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். விறகு லாரி போன தடத்தில் உதிர்ந்து கிடக்கும். மூன்று டியூப் இல்லாமல் கிளம்ப மாட்டேன். டியூப் மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். முறிந்த முள்முனை உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலில் சுருக்கென்று படும். அதை நகவெட்டியால் பிடுங்காமல் காற்றடித்தால் பத்து நிமிடத்தில் இரண்டாவது டியூபும் போச்சு. ஏர்வாடி தாண்டி எனக்கு அப்படி மூன்றும் போய், மினி லாரியில் ஆடுகளோடு வீடு வந்து சேர்ந்தேன்.

சாப்பாடு: நீண்ட தூரத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அதற்கென்று பாக்கெட்டில் விற்கிற சர்க்கரை ஜெல் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. கருப்பட்டியைக் காய்ச்சி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வேன். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது குடலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும், இரண்டும் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் வயிறு தாங்குகிறது. துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் அடியில் தங்கும் மண் பாட்டில் வாயை அடைக்கும். பந்தயத்தன்று புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள், பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்குங்கள். வியர்வையையும் அளந்து பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி முன்னும் பின்னும் எடை போட்டேன்: 1.3 கிலோ குறைந்தது, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக மணிக்கு 1.8 லிட்டர். அவ்வளவையும் திருப்பிக் குடிக்க எந்த வயிற்றாலும் ஆகாது. வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளையே சாய்த்துவிடும். அதனால்தான் உப்பு. நம் வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் பொருட்டில்லை என்பது சும்மா பேச்சு. ஏசி அறையில் கணக்கு எழுதுகிறவன் நான், எனக்கும் இரண்டு வாரம் வெயிலில் ஓடித்தான் உடம்பு பழகியது.

இனி தேறுவது. லங்காவி முடிந்து ஐந்தாம் நாள் மாடிப்படி வலிக்காமல் இறங்கினேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அதுதான் ஏமாற்று: தசை வலி ஒரு வாரத்தில் போய்விடும், தசைநாரும் எலும்பும் தூக்கமும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. பன்னிரண்டாம் நாள் பக்கத்து ஊரில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம். "அயர்ன்மேன் வராமலா?" என்று கூப்பிட்டார்கள். மாலை வேறு போட்டார்கள். ஏழாவது கிலோமீட்டரில் வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் விரலுக்குப் பின்னால், ஆணி வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. அப்படியே முடித்தேன். மாலை போட்டுக்கொண்டு வந்தவன் நடுவில் எப்படி நிற்பது?

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அழுத்த முறிவு (ஓடி ஓடி எலும்பில் விழும் மெல்லிய கீறல்) ஆரம்பத்தில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் நடந்தேன். இரண்டாவது எக்ஸ்ரேயில் எலும்பில் கோடு தெரிந்தது. டாக்டர் முதலில் கேட்டது ஓட்டத்தைப் பற்றி இல்லை. "எடை எவ்வளவு குறைந்தது?" ஐந்து கிலோ. விடியற்காலை நாலேகாலுக்கு எழுந்து, வெறும் வயிற்றில் பயிற்சி முடித்து, ஒன்பது மணிக்கு இரண்டு இட்லியோடு ஆபீஸ் போனவன் நான். செலவுக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு எலும்பைக் கவனிப்பதைத்தான் முதலில் நிறுத்தும் என்றார். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது இதற்கு முக்கியமான எச்சரிக்கை, பயிற்சி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆறு வாரம் ஓட்டமில்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கேட்டார்: "கடலுக்கே வருசத்துக்கு 61 நாள் லீவு விடுறான் கவர்மெண்டு. ஒன் காலு என்ன கடலை விடப் பெருசாடா?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, சாயம் பூசி, வலை பொத்திக்கொண்டிருப்பார்.

இப்போது பெரிய பந்தயம் முடிந்தால் முதல் வாரம் நடையும் கடலில் மிதப்பதும் மட்டும். இரண்டாம் வாரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெரு வரை சைக்கிள். மூன்றாம் வாரம் மெதுவோட்டம், வலி எட்டிப் பார்த்தால் அதுவும் இல்லை. வேகப் பயிற்சி ஐந்தாறு வாரம் கழித்துத்தான், அரைத் தூரம் என்றால் அதில் பாதி. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடி பார்ப்பேன். வழக்கம் 48. அது 56 காட்டினால் அன்று பயிற்சி இல்லை. யார் மாலையோடு வந்தாலும் இல்லை.

முழுத் தூரத்துக்குத் திரும்பவும் பதிவு செய்திருக்கிறேன். நீண்ட நீச்சல்களை எல்லாம் தடைக்காலத்துக்கு ஒதுக்கிவிட்டேன், அப்போதுதான் சித்தப்பாவுக்கு ஓய்வு. தெரிந்தவர் வல்லத்தை (சிறு படகு) இரவல் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். டீசல் என் செலவு, கரைக்கு வந்ததும் பரோட்டாவும் என் செலவு. இன்னொரு ஆள் சேர்ந்தால் டீசலில் பாதி மிச்சம், வருவதானால் கீழே எழுதுங்கள்.