சாண் நீளச் சுறா: குட்டியா, வளர்ந்ததா?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சந்தையில் வாங்கிய கருவாட்டில் சாண் நீளச் சுறா நாலைந்து கிடந்தது. கபில நிறம், வால் ரிப்பன் மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கிறது. கடைக்காரர் பால்சுறாக் குட்டி என்கிறார். மனைவிக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். பால் ஊறப் புட்டு செய்து கொடுக்கலாமா?"

அந்த வால்தான் என்னை யோசிக்க வைக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எரிடாக்னிஸ் ராட்கிளிஃபி என்றொரு சுறா இருக்கிறது, அதற்கும் இதே ரிப்பன் வால்தான். முழுதாக வளர்ந்தாலே 24 சென்ரிமீற்றர்தான். உலகின் மிகச் சிறிய சுறாக்களில் ஒன்று. சுமார் 70 முதல் 770 மீற்றர் ஆழம் வரை, சேற்றுத் தரையை ஒட்டி வாழும். ஆழ்கடல் இறாலுக்கு இழுக்கும் மடிவலையில் சேர்ந்து வந்துவிடும். முட்டையிடாது, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு குட்டிதான், அதுவும் தாயில் பாதி நீளத்துக்குக் கிட்ட.

குட்டியா என்று பார்க்க ஒரு வழி. ஆண் சுறாவின் அடிவயிற்றுத் துடுப்புக்கு உள்பக்கம் இரண்டு குச்சிகள் இருக்கும். குட்டியில் அவை துடுப்பைத் தாண்டாது. வளர்ந்ததில் நன்றாக நீட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்தால் எல்லாமே விறைத்துவிடும், அதனால் குச்சியின் விறைப்பை விட்டு அதன் நீளத்தை மட்டும் பாருங்கள்.

சரி, புட்டு. பிள்ளைக்காரிக்குச் சுறா கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம், எங்கள் அம்மாயியும் செய்தவர். ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மற்ற மீனைத் தின்னும் சுறாவின் சதையில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பதால். நெத்தலி, சாளை என்று சின்ன மீனாகக் கொடுங்கள். அப்படியும் பால் போதாவிட்டால் தோட்டத்து மிட்வைஃபிடம் காட்டுங்கள்.

நீங்கள் சாப்பிடுவதென்றால் முதலில் மோந்து பாருங்கள். சுறாவின் சதையில் யூரியா உண்டு. கெடத் தொடங்கினால் அது அமோனியாவாகி மூக்கைத் துளைக்கும். ஊறவைத்துக் கழுவிய பிறகும் அந்த நெடி போகாவிட்டால் எறிந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் வைத்திருந்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும் படமெடுத்து அனுப்புங்கள். எந்தச் சுறா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.