மூச்சு விடுவது எப்படி நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கே: பலூனுக்குள் காற்று போனால் அது பெரிதாகிறது. நுரையீரலும் காற்று போவதால்தானே விரிகிறது?

ப: தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். நுரையீரல் விரிகிறது, அதனால் காற்று உள்ளே வருகிறது. தன்னைத்தானே விரித்துக்கொள்ள நுரையீரலில் தசை கிடையாது. அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரித்துக்கொண்டு குடை போல் கவிந்திருக்கும் தசை இது. சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும்: சாதாரண மூச்சில் 1 அல்லது 2 செ.மீ., ஆழ்ந்து இழுத்தால் 10 செ.மீ. வரைகூட. அதே நேரத்தில் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்கூட்டைத் தூக்கி அகட்டும். உள்ளே இடம் கூடினால் அழுத்தம் குறையும். வெளிக்காற்று தானாக இறங்கும். நிதானமாக மூச்சு விடுகையில் இதற்குத் தேவைப்படும் அழுத்த வித்தியாசம், 1 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான்.

வெளிமூச்சுக்குத் தசை உழைக்க வேண்டியதே இல்லை. இழுத்த ரப்பரை விட்டதும் சுருங்குவது போல நுரையீரல் சுருங்கிக்கொள்ளும். ஓடும்போதும் இருமும்போதும் மட்டும் வயிற்றுத் தசைகள் கைகொடுக்கும்.

விலாக்கூடு விரிந்தால் நுரையீரல் ஏன் கூடவே போகிறது? இரண்டுக்கும் நடுவே இரட்டை உறை. அந்த உறைகளுக்கிடையே மெல்லிய திரவப் படலம். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டவைத்தால் வழுக்கும், ஆனால் எளிதில் பிரியாது அல்லவா, அதே கதை. அந்த இடைவெளியில் காற்று புகுந்துவிட்டால் பிடி விட்டுப்போய் நுரையீரல் சுருங்கிவிடும். அடிபட்டுத்தான் இப்படி ஆகவேண்டும் என்பதில்லை. உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களுக்கு எந்தக் காரணமும் தெரியாமலே நேரும். ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தும் வலியும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: வேக வேகமாக மூச்சு விட்டாலும், நிதானமாக ஆழ்ந்து விட்டாலும் உள்ளே போகும் காற்று ஒரே அளவுதானே?

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சாதாரண மூச்சில் போவது சுமார் 500 மி.லி. அதில் 150 மி.லி. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், அதன் கிளைகள் ஆகியவற்றிலேயே நின்றுவிடும். ரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடப்பது கடைசியிலுள்ள காற்று நுண்ணறைகளில்தான். அங்கே சேர்வது 350 மி.லி. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர் பயன்படுகிறது. இப்போது 250 மி.லி. வீதம் 24 முறை மேலோட்டமாக விடுங்கள். மொத்தக் காற்று அதே 6 லிட்டர். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் அதே 150 வழியில் போய்விடுவதால் நுண்ணறைக்குச் சேர்வது 100தான். நிமிடத்துக்கு வெறும் 2.4 லிட்டர். மூச்சிரைப்பவர் நிமிடத்துக்கு நிமிடம் களைத்துப்போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

கே: நீருக்குள் மூழ்குவதற்கு முன் பத்து இருபது முறை ஆழ்ந்து மூச்சு இழுத்துவிட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆக்சிஜனைச் சேமித்துவைப்பது மாதிரியா?

ப: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதனால் இறந்திருக்கிறார்கள்.

முதலில், சேமிக்க இடமில்லை. ஆரோக்கியமானவரின் தமனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் சாதாரணமாகவே 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது. இன்னும் எவ்வளவு இழுத்தாலும் அது கூடப்போவதில்லை. குறைவது வேறொன்று: கார்பன் டை ஆக்சைடு. “இனி முடியாது, மூச்சு விடு” என்று நம்மை உந்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, இந்தக் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான். மூளைத்தண்டிலுள்ள உணரிகள் அதில் சின்ன ஏற்றத்தையும் கண்டுகொள்ளும். ஆக்சிஜனைக் கவனிக்கும் உணரிகள் கழுத்துத் தமனியருகே இருக்கின்றன. ஆனால் அவை கணிசமான குறைவு வந்த பிறகுதான் பலமாகக் கூச்சலிடும்.

ஆக, வேகவேகமாக மூச்சு விட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட்டு மூழ்குபவர், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார். மணி அடிக்கும் அளவுக்கு அது மறுபடி ஏறுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். முன்னறிவிப்பே இருக்காது. ஆழத்திலிருந்து மேலே வரும்போது ஆபத்து இன்னும் அதிகம்: நீரின் அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் விழுகிறது.

பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குபவருக்குத் தலை கிறுகிறுத்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும் இதே கார்பன் டை ஆக்சைடு குறைவால்தான். காகிதப் பைக்குள் மூச்சு விடச்சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம். அது பதற்றமா, ஆஸ்துமாவா, மாரடைப்பா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பின்னிரண்டு நிலைகளில் பை ஆளையே கொல்லக்கூடும்.

கே: மூச்சு வாங்குகிறது, ஆனால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. அப்படியானால் பயமில்லையா?

ப: அந்த எண் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றுதான் சொல்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் இருப்பவருக்கு 20 மி.லி. கிடைக்கும். ரத்தசோகையில் 7 கிராம் இருப்பவருக்கு ஒன்பதரைக்குக் கீழேதான். இருவருக்கும் கருவி 98 காட்டும்!

மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடியிருந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அளக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்துவிட்டு, எண் நிலைத்த பிறகு பாருங்கள். ஆரோக்கியமானவருக்கு 95க்கு மேல் இருக்க வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழே திரும்பத் திரும்பக் காட்டினால் தாமதிக்கக் கூடாது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பாமல் மூச்சிரைப்பை நம்புங்கள்.

கே: புரையேறினால் முதுகில் தட்டலாமா?

ப: சத்தமாக இருமுகிறாரா? தட்டாதீர்கள், இருமவிடுங்கள், அதைவிடச் சிறந்த முதலுதவி கிடையாது. குரலோ இருமலோ வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால்தான் நீங்கள் இறங்க வேண்டும். அவரை முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 பலமான அடி. வெளிவராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை வெடுக்கென்று அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் கிழிந்துவிடும். முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து.

உள்ளே போன பொருள் பெரும்பாலும் வலது நுரையீரலில்தான் சிக்கும். வலப்பக்கக் கிளைக்குழல் அகலமாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது. புரையேறிய குழந்தைக்குச் சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம் கேட்டால் மருத்துவரிடம் அந்தச் சம்பவத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

கே: விக்கல் எதனால்?

ப: உதரவிதானம் திடீரென்று வெட்டி இழுக்கிறது, காற்று பாயும் அந்த நொடியில் குரல்நாண்கள் பட்டென்று மூடுகின்றன. அந்தச் சத்தம்தான் விக்கல். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காட்டிவிடுங்கள்.

கே: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை. மருந்து சரியில்லையா?

ப: மருந்தைக் குறை சொல்வதற்கு முன் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் நேரத்தில்: முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுத்தால் மருந்து தொண்டையில் அடித்து நின்றுவிடும். குப்பியைக் குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். உதட்டை இறுக்கமாகப் பொருத்தி, மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் ஒரு முறை அழுத்தி, தொடர்ந்து இழுங்கள். 10 விநாடி அடக்குங்கள். அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது பொறுங்கள். கை ஒத்துழைக்காவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைப் பிடித்துவைக்கும் குழல்) மாட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்டீராய்டு வகை என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெண்பூஞ்சை படியும். குப்பியில் எண்காட்டி இல்லை என்றால் எடுத்த முறைகளை எழுதி வாருங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும்.